செல்லத்துக்கு என்ன வயது

பெப்ரவரி 9, திங்கள்

காலை 5.40. பண்டாரவளை முழுக்கப் பனி. எதிர்வீட்டுக் கூரையைக் காணவில்லை, எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான் என்றே நினைத்தேன். கேத்தலின் ஆவி வெளியே வந்ததும் உறைந்து அடுப்படியில் விழுந்தது. (வீட்டுக்காரி பாக்கியம் இதை வாசித்தால் “பொய்க்கும் ஒரு அளவு வேணுங்க” என்பாள். வாசிக்க மாட்டாள். அவள் கண்ணாடி உடைந்து ஒரு மாதம்.)

இன்று:
– செல்லத்தின் மாத்திரை, சாப்பாட்டுக்குப் பிறகு
– ஸ்கேன் படம், மருந்துத் துண்டு, எல்லாம் ஒரே பையில்
– லீக்ஸ், கரட், சூப்புக்கு எலும்பு
– நிரோஷாவுக்குப் போன். கத்தாமல் பேசவும்.

தங்கச்சி செல்லம் இங்கே வந்து பதினோராவது நாள். தெமோதரைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் இருந்தவள். கொழும்பில் மண்டையைத் திறந்து, கட்டியை எடுத்து, மூடி அனுப்பியிருக்கிறார்கள். இப்போது எங்கள் முன்னறையில் வாசம். தலையில் இருபத்தெட்டுத் தையல். நான் ஊருக்குச் சொல்லியிருப்பது எண்பத்திரண்டு. இருபத்தெட்டுக்கு இந்த ஊரில் மரியாதை இல்லை.

மதியம் நிரோஷாவே எடுத்தாள். செல்லத்தின் ஒரே மகள். கொழும்பில் ஓர் ஆய்வுகூடம். மூளைக் கட்டிகளுக்குள் ஜீன்கள் எங்கே எப்படி மாறியிருக்கின்றன என்று பார்ப்பது அவள் வேலை. தாயின் கட்டியை மட்டும் அவள் தொடக் கூடாதாம், அவளுடைய மேடம்தான் பார்ப்பாராம். சட்டம்.

“மாமா, மொத டெஸ்ட் வந்துருச்சு. நெறம் ஏறல.”

“என்னா நெறம்?”

“கட்டியில ஒரு துண்ட மெலிசா சீவி சாயம் வைப்பாங்க. ஐ.டி.எச்.னு ஒரு ஜீன். அதுல வழக்கமா வர்ற மாத்தம் இருந்தா மண்ணெறமாத் தெரியும். அம்மாவோடதுல தெரியல.”

“தெரியாட்டி நல்லதுதானே?”

“இல்ல மாமா. அந்த மாத்தம் இருந்தாத்தான் நல்லது. இருந்தா மெதுவான கட்டி. மருந்துக்குக் கொஞ்சம் அடங்கும். இல்லாட்டி வேகமான சாதி.”

“அப்ப முடிஞ்சுதா?”

“அபூர்வமா அதே ஜீன்ல வேற மாதிரி மாத்தம் இருக்கலாம். சாயத்துல அது தெரியாது. எழுத்தெழுத்தா வாசிக்கணும். அம்பத்தஞ்சு வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்குத்தான் வாசிக்கிறோம். அதுக்கு மேலன்னா அநேகமா இருக்காது. மருந்துச் சாமானும் அளவாத்தான் கெடக்கு.”

“ஒன்னோட அம்மாவுக்கு…”

“அம்பத்தேழு மாமா. ஐ.டி. கார்டுல இருக்குதானே.”

பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வந்தேன். திரும்பப் போனேன். எலும்பு வாங்க மறந்துவிட்டேன்.

பெப்ரவரி 10, செவ்வாய்

வெயில். உட்கார முடியவில்லை. நின்றால் கால் நடக்கிறது.

முப்பத்தேழு வருஷம் பண்டாரவளை பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். என் விசில் இல்லாமல் ஊவா மாகாணத்தில் ஒரு சக்கரம் உருண்டதில்லை. சூரியனே என் கூண்டு ஜன்னலில் எட்டிப் பார்த்து நேரம் கேட்டுக்கொண்டுதான் மலையேறும். ஓய்வெடுத்து இரண்டு வருஷமாகியும் வெலிமடை பஸ் பிந்தினால் கை விசிலைத் தேடுகிறது.

ஆகவே இந்த ஜீன் விவகாரத்தை என் பாஷையில் எழுதி வைக்கிறேன். உடம்பின் ஒவ்வொரு துகளுக்குள்ளும் ஒரு நேர அட்டவணை. எப்போது பிரிய வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று. அட்டவணையில் ஓரிடத்தில் அச்சு மாறினால் பஸ் நிற்காமல் ஓடும். அதுதான் கட்டி. எந்த வரியில் அச்சு மாறியது என்று தெரிந்தால், ஓடுகிற பஸ் எக்ஸ்பிரஸா, ஒவ்வொரு சந்தியிலும் நிற்கிறதா என்று சொல்லலாம். நான் இப்போது தெருத்தெருவாக வேண்டிக்கொண்டு திரிவது, தங்கச்சியின் தலைக்குள் ஒரு குறிப்பிட்ட பிழை இருக்க வேண்டும் என்று. பிள்ளையாருக்கு இதை விளக்கவே அரைமணி நேரம் போனது.

செல்லம் ஜன்னலருகே. கொத்தமல்லிக் கட்டைக் கொடுத்தால் கொழுந்து மாதிரி இரண்டு கையாலும் ஆய்கிறாள். நிறுத்தத் தெரியவில்லை. பாக்கியம் மூன்று கட்டு வாங்கி வந்தாள். மூன்றும் முடிந்தது. ராத்திரிக்குக் கொத்தமல்லிச் சட்னி, நாளைக்கும் அதுதான்.

பெப்ரவரி 12, வியாழன்

தூறல். வாயை விட்டுவிட்டேன். அதாவது, நிரோஷாவிடம் (இனி நி.) சொன்னேன்:

“ஒங்க மேடத்துக்கு ஒரு மூட்டை லீக்ஸ் அனுப்புறேன். ஒன்னோட அம்மா கட்டிய மட்டும் வாசிக்கச் சொல்லு.”

“மாமா, இது சந்தை இல்ல.”

“சும்மா ஒரு எழுத்துதானே புள்ள.”

“ஒவ்வொரு நாளும் எத்தன பேரோட கட்டி அங்க பெட்டியில இருக்கு தெரியுமா? எல்லாருக்கும் ஒரு அம்மா இருக்கு. என் அம்மான்னு நான் கேட்டா, நாளைக்கு அந்த எடத்துல எப்பிடி நிக்கிறது?”

வைத்துவிட்டாள். பிள்ளை நேர்மையாக வளர்ந்திருக்கிறது. யாரைப் பார்த்து இப்படிக் கெட்டுப்போனதோ தெரியாது.

ஒரு விஷயம் சொன்னாள், வைக்கும் முன். மாதக் கடைசியில் எழுத்து வாசிக்கிற மெஷினில் ஒரு தொகுதி ஓடுமாம். அதற்குப் பிறகு சாமான் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஆக ஒரு பஸ் இருக்கிறது. நேரமும் தெரியும். டிக்கெட் என் சட்டைப்பையில். முப்பத்தொன்பது வருஷமாக.

பெப்ரவரி 13, வெள்ளி

எழுதிவிடுகிறேன். வாயால் சொல்லிப் பார்த்தேன், கண்ணாடி முன்னால். வரவில்லை.

செல்லத்துக்கு ஐம்பத்தேழு இல்லை. ஐம்பத்து மூன்று.

எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒருத்தி. மாரியாயி. இரண்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அப்போது எனக்கு ஆறு வயது. அவள் பிறப்புப் பத்திரத்தை அம்மா தகரப் பெட்டியிலேயே வைத்திருந்தாள். பிறகு செல்லம் பிறந்தாள்.

அப்பாவுக்குக் கால் போனது. தோட்டத்தில் பேர் பதிந்த ஆள் வீட்டில் குறைந்தால் லயத்துக் காம்பராவை, அந்த ஒற்றை அறையை, விட வேண்டியதுதான். மூத்தவன் நான். இருபத்திரண்டு வயது, எருமை மாதிரி உடம்பு. என் பேர் பதிந்திருக்க வேண்டும். நான் ஒருநாள் காலை பெரட்டுக்கு, பேர் கூப்பிடும் இடத்துக்குப் போகிறேன் என்று கிளம்பி பண்டாரவளை பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஊவா மாகாணம் என்னைக் கெஞ்சிக் கூப்பிட்டது என்று இவ்வளவு நாளும் சொல்லி வந்திருக்கிறேன். யாரும் கூப்பிடவில்லை. கொழுந்துக் காட்டில் அட்டை கடிக்கும், பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்து வீட்டுக்குப் போனபோது அம்மா அழுதுகொண்டிருந்தாள். மிச்சம் இருந்தது செல்லம்; பதினாலு வயதை யாரும் பதிய மாட்டார்கள். பெட்டியைத் திறந்தது நான். மாரியாயி பத்திரத்தை எடுத்தது நான். தோட்டத்துக் கந்தோரில் கிளார்க்கிடம் “இவதான் மாரியாயி, பதினெட்டு” என்று சிரித்துக்கொண்டே சொன்னதும் நானே. வீட்டுப் பேர் ஒன்று, பதிவுப் பேர் ஒன்று தோட்டத்தில் எல்லோருக்கும் உண்டு; ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த நாள் காலை என் தங்கச்சி கூடையை மாட்டினாள்.

நானும் பிறகு விசில் ஊதினேன்.

பெப்ரவரி 14, சனி

செல்லத்திடம் பேசினேன். பாக்கியம் சந்தைக்குப் போன நேரம்.

“செல்லம், ஒன் வயசச் சொல்லிரலாம்.”

கை நின்றது. “எந்த வயச?”

“உண்மையான வயச.”

“வேணாண்ணே. அம்மாவுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்.”

“அம்மா செத்து இருவது வருசம்.”

“சத்தியம் செத்துருச்சா?” பிறகு மெல்லச் சொன்னாள்: “ஒனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கும் அவ பேருலதான் கையெழுத்து. நிரோஷா பொறந்தப்பவும் அவ பேருதான். செத்த புள்ளையோட ஆயுசுல ஒக்காந்து தின்னுருக்கேன். அதுதான் தலையில வந்து நிக்கிது. இனி எதுக்கு நோண்டுற?”

எழுந்து போய்க் கேத்தலை அடுப்பில் வைத்தேன். நானாவது, அடுப்படியில். தேதியைக் குறித்து வைக்கவும்.

பொலிஸ் பிடிக்குமோ என்று அவள் பயப்படுகிறாள் என நினைத்திருந்தேன். அதற்கு வைத்திருந்த பகிடி எல்லாம் வீண்.

பெப்ரவரி 16, திங்கள்

அவளைக் கேட்காமல் நி.யிடம் சொல்லிவிட்டேன். தலைமைத் தபாலகப் படிக்கட்டில் நின்றுகொண்டு. எல்லாவற்றையும். பஸ்ஸில் ஏறி ஓடியதையும்.

போன் செத்துவிட்டது என்று நினைத்து மூன்று தரம் ஹலோ சொன்னேன்.

“இருக்கேன் மாமா.”

“திட்டு.”

“பதினாலு வயசா அம்மாவுக்கு?”

“ஆமா.”

“பதினாலு வயசுல நான் பண்டாரவளையில டியூஷன் போனேன். நீங்கதான் பஸ்ல எடம் புடிச்சுக் குடுப்பீங்க.”

போனை வைத்துவிட்டாள். திட்டியிருக்கலாம்.

மாலை திரும்ப எடுத்தாள், வேலைக் குரலில். மேடத்திடம் கேட்டாளாம். செல்லத்தை இங்கே பார்க்கும் டாக்டர் வயதைத் திருத்தி ஒரு வரி எழுதித் தந்தால் தொகுதியில் சேர்ப்பார்களாம். ஆனால் டாக்டர் ஏதாவது ஆதாரம் கேட்பார். “உங்க வாய் வார்த்தைய வச்சு எழுத மாட்டாங்க மாமா.” என் வாய் வார்த்தையின் புகழ் கொழும்பு வரை போயிருக்கிறது.

பெப்ரவரி 18, புதன்

பதுளை. மாவட்டக் கச்சேரியில் பிறப்பு இறப்புப் பதிவுப் பகுதி. 7.05 பஸ், பதினோரு நிமிஷம் பிந்தியது, வெட்கக்கேடு.

வரிசை இலங்கையைச் சுற்றி இரண்டு தரம் வந்தது. எனக்கு முன்னால் ஒரு பாட்டுக்காரன், பின்னால் ஒரு கோழி (உயிரோடு, பையில்). கூண்டுக்குள் கண்ணாடி போட்ட ஓர் அம்மா. தேடுதல் விண்ணப்பம் இரண்டு நீட்டினேன். ஒரு மரணம். ஒரு பிறப்பு.

“இது யாரு?”

“தங்கச்சி.”

“இது?”

“தங்கச்சி.”

“செத்தது எது?”

“மூத்தது, அம்மா.”

என்னைக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “தோட்டமா?” என்று கேட்டார். ஆமென்றேன். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. இந்தக் கதை அவருக்குப் புதிதில்லை போலிருக்கிறது. இரண்டரை மணிக்கு வரச் சொன்னார்.

முதியங்கனை விகாரைப் பக்கம் நடந்தேன். டீ குடித்தேன். திரும்ப நடந்தேன். இன்னொரு டீ. ஒரு குடை விலை கேட்டேன். எதற்கு? குடை இருக்கிறது.

2.50. இரண்டும் கிடைத்தது.

செல்லம்மா, பெண். அப்பா பேர், அம்மா பேர், தோட்டத்துப் பேர். ஒரு தரமும் யாரும் கேட்டு வராத பதிவு. ஐம்பத்து மூன்று வருஷமாகத் தடித்த புத்தகத்துக்குள் தானாக இருந்திருக்கிறது.

மற்றது: மாரியாயி. வயது இரண்டு. காய்ச்சல். அறிவித்தவர் இடத்தில் அப்பாவின் பெருவிரல்.

பஸ்ஸில் தெமோதரை வரை வெளியே ஒன்றும் பார்க்கவில்லை. லயங்கள் தெரிந்ததும் கண்டக்டர் “அண்ணே, ஒடம்பு சரியில்லையா?” என்றான். தூசி என்றேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது.

பெப்ரவரி 19, வியாழன்

காலையே இரண்டு தாளையும் செல்லத்தின் மடியில் வைத்தேன். திட்டுவாள் என்று வாசல் பக்கமாக நின்றேன், ஓடுவதற்கு வசதியாக.

அவளுக்குக் கொஞ்சம்தான் வாசிக்க வரும். விரல் வைத்துப் போனாள். மாரியாயி பேரில் விரல் நின்றது. எத்தனையோ ஆயிரம் தரம் அவள் எழுதிய பேர்.

“அவ எப்பிடி இருப்பா அண்ணே?”

வழக்கமாக என்றால் நிலவை வெட்டி ஒட்டியிருப்பேன். “மொகம் ஞாபகம் இல்ல,” என்றேன். “இடுப்புல தூக்கிக்கிட்டுத் திரிவேன். கனம் ஞாபகம் இருக்கு. ஒரு பக்கமாச் சாஞ்சு ஒக்காருவா. பீலிக்கரைக்குப் போனா தண்ணிய அடிச்சு என்னய நனைப்பா.”

செல்லம் சிரித்தாள். தலை வலித்திருக்க வேண்டும், கையை வைத்துக்கொண்டாள்.

“எனக்குக் கோவமெல்லாம் இல்லண்ணே. நீ இருந்திருந்தாலும் பெரட்டுக்கு ஒருநாளும் நேரத்துக்குப் போயிருக்க மாட்ட. காம்பரா எப்பிடியும் போயிருக்கும்.”

“செல்லம்…”

“சொல்லிரு. ஆனா அவ மேல குத்தம் விழுற மாதிரி சொல்லாத. அவ ஒண்ணும் செய்யல.”

பாக்கியம் கதவில் நின்று எல்லாம் கேட்டிருக்கிறாள். அடுப்படியில் வைத்து என்னிடம்: “இத்தன வருசம் இந்த வாய்க்குள்ள ஒரு விசயம் தங்கியிருக்கு! வெளிய சொன்னா நம்புவாங்களா?” பிறகு என் தட்டில் பொரியலை அள்ளிப் போட்டாள். ஏன் என்று கேட்கவில்லை.

பெப்ரவரி 20, வெள்ளி

டாக்டர் இரண்டு தாளையும் பார்த்தார். செல்லத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, நல்லது. ஒரு வரி எழுதி, கையெழுத்து, முத்திரை.

படம் எடுத்து நி.க்கு அனுப்பினோம். அசலும் வேண்டுமாம். தபாலை நம்புகிறவனா நான்? இரவுக் கொழும்பு பஸ் கண்டக்டர் கையில் கொடுப்பதாக ஏற்பாடு. என்வலப்புக்குப் பசை தேடி முடிவதற்குள் பஸ் புறப்படும் நேரம். இப்போதைய டைம் கீப்பர் என்னிடம் தொழில் பழகியவன். வாயில் விசிலை வைத்துவிட்டான். நான் பஸ் முன்னால் போய் நின்றேன். என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பஸ்ஸைப் பிந்த வைத்தேன். ஐந்து நிமிஷம். நாற்பது பயணிகள், நாற்பது மொழிகளில் வாழ்த்தினார்கள்.

பெப்ரவரி 24, செவ்வாய்

ஒன்றுமில்லை. போன் சார்ஜில். போன் நன்றாகத்தான் இருக்கிறது.

கொத்தமல்லி: ஐந்து கட்டு.
செல்லத்துக்கு இடது கை கொஞ்சம் தளர்கிறது. டம்ளரைப் போட்டாள். “கைதான் போட்டுச்சு, நான் இல்ல,” என்றாள்.

நடை: பஸ் ஸ்டாண்டுக்கு ஆறு தரம். செருப்பு தேய்ந்து பூமி தெரிகிறது.

பெப்ரவரி 27, வெள்ளி

தொகுதி இன்று ஓடுகிறது. நி. ஒரு வரி அனுப்பினாள்: “அம்மாவோடது உள்ள போயிருச்சு. நான் அந்த ரூமுக்குள்ள போகல.”

மார்ச் 2, திங்கள்

போயா, பௌர்ணமி விடுமுறை. கடைகள் மூடல். ஊர் வெள்ளை உடுத்தியிருக்கிறது. நான் சுற்றிய சுற்றில் பன்சலைக்குக் கும்பிட வந்தவர்களே என்னைப் பக்திமான் என்று நினைத்து வழிவிட்டார்கள்.

இல்லாமல் போனால்? மாற்றம் இல்லை என்று வந்தால், அவள் சத்தியத்தை உடைத்தது எதற்கு? இதை யாரிடமும் கேட்கவில்லை. பாக்கியம் கேட்காமலே சொன்னாள்: “வந்தாலும் வராட்டியும் அவ வயசு அவளுக்கு வந்துருச்சு. சும்மா குறுக்கும் நெடுக்கும் நடக்காம அந்தத் தேங்காயத் துருவுங்க.”

துருவினேன். விரலையும்.

மார்ச் 6, வெள்ளி

10.22. நி.

“மாமா, ஒக்காந்திருக்கீங்களா?”

“நான் எப்ப ஒக்காந்தேன்?”

“இருக்கு மாமா.”

“என்னா இருக்கு?”

“மாத்தம். சாயத்துக்குத் தெரியாத எடத்துல. வயசு மாத்தலேன்னா வாசிச்சிருக்கவே மாட்டோம்.” அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சி, வேலைக் குரல்: “கவனமாக் கேளுங்க. கொணமாயிரும்னு இல்ல. மெதுவான சாதி. மருந்துத் திட்டம் மாறும். காலம் இருக்கு, எவ்வளவுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. நீங்களும் சொல்லாதீங்க. நூறு வருசம், ஆயிரம் வருசம்னு எதுவும் சொல்லாதீங்க.”

செல்லத்தின் முன்னால் போய் உட்கார்ந்தேன். நி. சொன்னதை அப்படியே, ஒரு சொல் கூட்டாமல் சொன்னேன். மெதுவானது. கொணமில்ல. காலம் இருக்கு.

அவள் கொத்தமல்லிக் கட்டைக் கீழே வைத்தாள்.

“மோசமா அண்ணே? நேராச் சொல்லு. நீ இப்பிடியெல்லாம் பேச மாட்டியே.”

சத்தியம் பண்ணினேன். நம்பவில்லை. கடைசியில் நி.யையே கூப்பிட்டுக் கேட்டாள். தாயும் மகளும் அரைமணி நேரம் பேசினார்கள், நான் வெளியே போய் நின்றேன். குளிர்காற்று. பக்கத்து வீட்டு ரேடியோ. போனை வைத்ததும் உள்ளேயிருந்து குரல்: “அண்ணே, பசிக்கிது.”

மார்ச் 9, திங்கள்

பதுளை பெரியாஸ்பத்திரி, புதிய மருந்துக்கான கிளினிக். 6.15 பஸ், நேரத்துக்கு. செல்லம் ஜன்னல் பக்கம். பாக்கியம் பொதி கட்டித் தந்த இடியப்பம்.

புதிய கார்டு போட வேண்டுமாம். மேசையில் ஒரு சின்னப் பெண், சிங்களம். என் கை தாளுக்குள் போனது: கடிதம், இரண்டு பத்திரம், எல்லாம் வரிசையாக, மூன்று நாளாக ஒத்திகை பார்த்த என் சொற்பொழிவும் தயார்.

“வயச கீயத?” என்று கேட்டாள் அந்தப் பிள்ளை.

நான் வாயைத் திறந்தேன். செல்லம் என் முழங்கையில் கை வைத்தாள், அந்தத் தளர்ந்த கை.

“அம்பத்து மூணு,” என்றாள். பிறகு சிங்களத்திலும் சொன்னாள்.

பிள்ளை அடையாள அட்டையைப் பார்த்தாள், கணக்குப் போட்டாள், நிமிர்ந்தாள். இதில் ஐம்பத்தேழு என்று இருக்கிறதே என்றாள்.

“அது எங்க அக்கா,” என்றாள் செல்லம்.